‘பார்ப்போம்’ டாக்டரின் ஒத்திகை

செல்வநாயகம் டாக்டருக்குத் தெரியாத வேலை என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. பட்டாசு வெடித்து விரல் தொங்கிக்கொண்டு வருகிறவனுக்கு விரலைத் தைத்து ஒட்ட வைப்பார். வயிற்றில் குறுக்கே கிடக்கிற பிள்ளையைத் திருப்பி எடுப்பார். பாம்புக்கடி, காலரா, மாடு முட்டிச் சரிந்த குடல் எதற்கும் அசர மாட்டார். ஆனால் ‘இனி நம்மால் ஆகாது’ என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டால் மனிதர் கதிகலங்கிப் போவார். ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுப்பார், திரும்ப மாட்டுவார், சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தை ஆராய்வார், கடைசியில் “பார்ப்போம்” என்பார். அடுத்த நிமிஷம் அடுத்த கட்டிலில் நிற்பார்.

இந்தப் ‘பார்ப்போம்’ செய்த அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. விருதுநகர் மிளகாய் மண்டியிலிருந்து பெத்தணன் என்று ஒருவரைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஈரல் முழுக்கக் கெட்டுப் போயிருந்தது. டாக்டர் பார்ப்போம் என்றார். டாக்டரே பார்ப்போம் என்கிறாரே என்று வீட்டாருக்குத் தெம்பு வந்து, இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கிடாய் நேர்ந்துகொண்டு, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியும் விட்டார்கள். கிடாய் வந்து இறங்கிய அன்று காலையில் பெத்தணன் கண்ணை மூடினார். பிழைத்தது கிடாய் மட்டும்தான். அந்த வீட்டுக்காரி போகும்போது தலைமை நர்ஸ் ஜெபராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூத்த மகளைக் கூட்டியாந்து முகத்தைக் காட்டியிருப்பேனே தாயி” என்று கேட்டாள். ஜெபராணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

திருத்தங்கல் சாலையில் இருபது கட்டில் போட்ட அந்தச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் ஜெபராணிக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்று அவளுக்கும் தெரியும். அவளுடைய பழைய நர்சிங் நோட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. ஆள் செத்த பிறகு செய்ய வேண்டியதை ஆறு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறாள். கண்ணை எப்படி மூடுவது, தாடையை எப்படிக் கட்டுவது, எந்தப் பஞ்சை எங்கே வைப்பது எல்லாம் இருக்கிறது. சாவதற்கு முந்தின நாள் என்ன செய்வது என்பதற்கு அரை வரி கூடக் கிடையாது. என்னடா படிப்பு இது! முந்தின நாளே வராமல் மனுசன் நேராகச் செத்துவிடுவானா?

இப்படி இருக்கும்போதுதான் அறுபத்து நாலாம் வருஷத்து ஐப்பசியில், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், உக்கிரபாண்டியின் விஷயம் முற்றியது.

உக்கிரபாண்டி ஆனைக்குட்டத்துக்காரர். தீப்பெட்டி ஆபீசில் பத்து வருஷம், பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷம். போர்மேன் என்றால் சும்மா போர்மேன் இல்லை. அவர் கை வைத்துப் பார்க்காமல் ஒரு சரம் பெட்டிக்குள் போகாது. ஒரு வெடி வெடிக்காமல் போனால் கட்டினவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துப் பேசுவார். கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் இருபது வருஷம் இழுத்த நெஞ்சு இப்போது நைந்து போயிருந்தது. வலது பக்கத்தில் கட்டி வேறு. இருபத்திரண்டு நாளாக ஆக்சிஜன் குழாய் மூக்கில், குளுக்கோஸ் ஊசி கையில். ஆள் வற்றிப்போய்க் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். நாக்கு மட்டும் வற்றவில்லை.

“தாயி, இத்தனை வருசம் வெடியோட பொளங்கினேன். ஒரு வெடியாவது என் மூக்குல கட்டித் தொங்கவிட்டேனா?” என்று கட்டில் ஓரத்தில் நின்ற இரும்பு சிலிண்டரைக் காட்டுவார். “நீங்க என்னடான்னா ஆள் உசரத்துக்கு ஒரு குண்டைக் கொண்டாந்து வச்சிருக்கீக. எடுத்துருங்க தாயி. வீட்டுக்குப் போகணும். வாசல்ல கட்டிலைப் போட்டு உக்காந்து, ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி, நாலு சேவு. அம்புட்டுதான்.”

ஜெபராணி டாக்டரைப் பார்ப்பாள். டாக்டர் வேப்பமரத்தைப் பார்ப்பார்.

டாக்டர் ஒன்றும் அறியாதவர் இல்லை. இந்தக் குழாய் இனி உயிரைக் கொடுக்கப் போவதில்லை, சாவைத்தான் இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று ஜெபராணியிடம் தனியாகச் சொல்லியும் இருக்கிறார். அதை உக்கிரபாண்டியின் மகன் கண்ணுச்சாமியிடம் சொல்ல வேண்டுமே, அங்கேதான் சிக்கல். கண்ணுச்சாமி கம்பெனியில் லோடு ஏற்றுகிற ஆள். ஓங்குதாங்கான உடம்பு, உள்ளே பூஞ்சை மனசு. “அய்யா கேக்காகன்னு குழாயை எடுத்துட்டு நாளைக்கு ஒண்ணுன்னா, பெத்த மகனே குழாயைப் புடுங்கிக் கொன்னுட்டான்னு ஊரு பேசும் சிஸ்டரம்மா. டாக்டரய்யா வாயால சொல்லட்டும், எடுத்துட்டுப் போறேன்” என்றுவிட்டான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. ஒரு வார்த்தை வர வேண்டும். அது வராமல் அந்த மனிதர் தாம் வெறுக்கிற குழாயோடு, வாசலையும் காப்பியையும் கேட்டுக்கொண்டே, இந்த வார்டிலேயே முடிந்து போவார்.

“டாக்டர், போன வருசம் கிறிஸ்மஸ் நாடகத்துல காபிரியேல் வேசம் கட்டினீகளே, ஒரு எழுத்துப் பிசகாம எப்படிப் பேசினீக?” என்று ஜெபராணி ஒருநாள் காலை ரவுண்டு முடிந்ததும் கேட்டாள்.

“அது எழுதிக் கொடுத்தது, சிஸ்டர். ஒத்திகையும் பாத்தோம்.”

“அப்ப இதையும் எழுதித் தாரேன். ஒத்திகை பாப்போம்.”

டாக்டர் சிரித்தார். அப்புறம் அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் பத்து மணிக்குக் கட்டுப்போடும் அறையில் கூடினார்கள். கம்பவுண்டர் தேவமணிக்குக் கண்ணுச்சாமி வேஷம். மருமகள் வேஷத்துக்கு வார்டு ஆயா கருப்பம்மாள். ஜெபராணி பழைய நாடக நோட்டின் பின்பக்கத்தில் எட்டு வரி எழுதிக் கொண்டுவந்திருந்தாள். முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும், நின்றுகொண்டு பேசக் கூடாது. என்ன தெரியும் என்று அவர்களையே கேட்க வேண்டும். பிறகு சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு ஓடக் கூடாது. ‘ஓடக் கூடாது’ என்பதன் கீழே இரண்டு கோடு.

முதல் தடவை டாக்டர் உட்கார்ந்தார், தேவமணியின் முகத்தைப் பார்த்தார், “பார்ப்போம்” என்று எழுந்துவிட்டார்.

“டாக்டர்!”

“ஸாரி சிஸ்டர், பழக்கதோஷம்.”

இரண்டாவது தடவை பத்து நிமிஷம் பேசினார். கட்டியின் அளவு, இரத்தத்தின் சிவப்பணு, நுரையீரலின் மூன்று மடல் என்று புத்தகத்தையே ஒப்பித்தார். முடிந்ததும் தேவமணி, “இப்ப அய்யா பொளச்சுக்கிடுவாகளா, மாட்டாகளா டாக்டரய்யா?” என்று கேட்டான். இத்தனைக்கும் அவன் கம்பவுண்டர்.

மூன்றாவது தடவை ஏனோ டாக்டர் நோட்டைப் பார்க்கவே இல்லை. முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னார். “கண்ணுச்சாமி, உங்க அய்யா நெஞ்சைச் சரி பண்ண எங்ககிட்ட இனி ஒண்ணும் இல்ல. இந்தக் குழாய் அவரைக் காப்பாத்தலை, கஷ்டத்தைத்தான் நீட்டுது. அவர் கேக்குற மாதிரி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். வலி தெரியாம, மூச்சு முட்டாம பாத்துக்கிறதுக்கு வழி இருக்கு. அதை நாங்க கடைசி வரைக்கும் செய்வோம். இது நீங்க செய்ற பாவம் இல்ல.”

ஜெபராணி நோட்டை மூடினாள். பதினெட்டு வருஷத்தில் ஒரு டாக்டர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

கருப்பம்மாளை மறந்துவிட்டார்கள்! வார்டில் அவள் பெருக்கித் துடைக்கிற ஆயா. சுற்றுவட்டம் ஐந்து ஊரில் ஒப்பாரிக்கு முன்பாட்டு எடுக்கிறவள் அவள்தான். இப்படி உருக்கமாக ஒரு சேதியைக் கேட்டுவிட்டு அவளால் சும்மா இருக்க முடியுமா? தலைமயிரை அவிழ்த்துவிட்டு, இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு எடுத்தாள் பாருங்கள் ஒரு குரல்!

“ஆனைக்குட்டத்து ராசாவே, என் அருமை மாமாவே,
சரம் பார்த்த கையிங்கே சாஞ்சு கெடக்குதே!
கம்பெனிச் சங்கூத, காலையில போனவுக
கட்டிலோட போறீகளே, கண்ணு தெரியலையே!
ஐவர் ஒடம்பொறப்பு அழுது நிக்கையில…”

“ஏ கருப்பம்மா, நிறுத்து! ஒத்திகைடீ!” என்று ஜெபராணி வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளிருந்தும் இன்னும் ஒரு அடி வந்தது. மதில் தாண்டி, பஸ் நிறுத்தம் வரை கேட்டிருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணுச்சாமி தூக்குச்சட்டியில் கஞ்சியோடு ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளை நிறுத்தினான். ஆனைக்குட்டம் என்றது காதில் விழுந்தது. சரம் பார்த்த கை என்றது. வேறு யாராக இருக்க முடியும்? உள்ளே போய்ப் பார்க்கிற தைரியம் அவனுக்கு ஏது! தூக்குச்சட்டியை மதில் மேல் வைத்துவிட்டு, சைக்கிளைத் திருப்பி, அழுதுகொண்டே மிதித்தான். வழியில் கம்பெனி வாசலிலும் நின்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

இதொன்றும் தெரியாமல் இங்கே மூன்று பேரும் கருப்பம்மாளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டுப்போடும் அறைக்கும் ஆண்கள் வார்டுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரை போகாது. அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

“யாத்தா, கருப்பம்மா. எனக்குக் கூடப் பொறந்தது மூணு பேருதான். ஐவர்ன்னு பாடுறியே, அந்த ரெண்டு பேரு யாரு?”

ஜெபராணி முதலில் ஓடினாள், பின்னால் டாக்டர். உக்கிரபாண்டி குழாயோடு தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமில்லை.

“டாக்டரய்யா, நல்லாத்தான் சொன்னீக. எம் மகனுக்குன்னு கம்பவுண்டர்கிட்டச் சொன்னீக. அதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல? சாகப்போறது நானில்லா?”

டாக்டரின் கண் வேப்பமரத்தைத் தேடியது. ஜெபராணி சட்டென்று சன்னல் கதவைச் சாத்தினாள். பார்க்க இனி மரமில்லை. டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பயமா இருந்துச்சு, அண்ணாச்சி” என்றார்.

“எனக்குந்தான்” என்றார் உக்கிரபாண்டி.

அதற்கு மேல் அவர்கள் பேசியது ஜெபராணிக்கு முழுதும் கேட்கவில்லை. அவள் முகத்தைக் கழுவப் போய்விட்டாள். பெண்கள் வார்டையும் பார்த்துவிட்டு மத்தியானம் அவள் திரும்பி வரும்போதும் டாக்டர் அந்த ஸ்டூலில்தான் இருந்தார். வாசலில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தாள். கம்பெனி லாரி ஒன்று நின்றது. லாரியிலிருந்து ஆனைக்குட்டத்தில் பாதி இறங்கிக்கொண்டிருந்தது. பச்சை மூங்கில் இரண்டு, தென்னங்கீற்று, ரோசாப்பூ மாலை, சங்கு ஊதுகிறவர், சேகண்டிக்காரர். எல்லாருக்கும் முன்னால் கம்பெனி ஆட்கள் ஆறு பேர், ஒரு பெரிய சரவெடியைத் தோளில் சுமந்துகொண்டு வார்டுக்குள் நுழைய வந்தார்கள். போர்மேனுக்குக் கடைசி மரியாதை!

“ஏலே! நில்லுங்கலே அங்கனயே! உள்ள ஆக்சிஜன் இருக்கு, ஆஸ்பத்திரியே பறந்துரும்!” ஜெபராணி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

“சிஸ்டரம்மா, அய்யாவைக் கடைசியா ஒருக்கா…” கண்ணுச்சாமி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தேம்பினான்.

“ஏலே கண்ணுச்சாமி! எதுக்குலே பொம்பளப்பிள்ளை மாதிரி அழுதுக்கிட்டு இருக்க?” என்று உள்ளேயிருந்து கேட்டது.

சங்கு ஊதுகிறவர் வாயிலிருந்து சங்கை எடுத்துவிட்டார். மாலையை வைத்திருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். இரண்டு பாட்டிமார் பேய் என்று அலறிக்கொண்டு லாரிக்கே ஓடினார்கள். கண்ணுச்சாமி துண்டை எடுத்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. கருப்பம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, எப்போதோ பெருக்கி முடித்த பெண்கள் வார்டைப் பெருக்கப் போய்விட்டாள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவேதான் டாக்டர் வெளியே வந்தார். கையில் நோட்டு இல்லை. மூன்று பேருக்கு முன்னால் ஒத்திகை பார்த்துச் சொல்வது வேறு, எண்பது பேருக்கு முன்னால் நிஜத்தைச் சொல்வது வேறு. மனிதர் வாயைத் திறந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டால் இந்த ஜன்மத்துக்கும் அவ்வளவுதான்.

டாக்டர் கண்ணுச்சாமிக்குப் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தார். ஒத்திகையில் சொன்னதைத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “இதை அய்யாவும் நானும் இப்பத்தான் பேசி முடிவு பண்ணினோம்.”

“குழாயை யாரு எடுக்கிறது, டாக்டரய்யா?” என்று கேட்டான் கண்ணுச்சாமி.

“நான்தான் எடுக்கப் போறேன். என் கை. நாளைக்கு ஊர்ல யாருக்காவது கேக்கணும்னா உங்களைக் கேக்க வேண்டாம், இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைக் கேக்கட்டும்.”

கூட்டத்தில் ஒரு கிழவர், “வெளங்கச் சொல்லிட்டாக” என்றார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது அவர்களுக்கு. இதற்கா இத்தனை நாள்!

ஒரேயடியாகப் பிடுங்கவில்லை. முதலில் சின்ன அளவில் மார்பியா ஊசி போட்டு, மூச்சுத் திணறல் அடங்கும் வரை பக்கத்தில் காத்திருந்தார். பிறகு சிலிண்டரின் திருகைக் கால் சுற்று குறைத்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கால் சுற்று. ஜெபராணி தலையணையை உயர்த்தி, விசிறியை எடுத்து முகத்துக்கு நேராக மெதுவாக வீசிக்கொண்டிருந்தாள். அந்தக் காற்று மூக்கில் பட்டதும் உக்கிரபாண்டியின் நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது. ஒரு மணி நேரத்தில் திருகு மூடிவிட்டது. டாக்டர் குழாயை எடுத்தார். அவருடைய நெற்றியில்தான் வேர்வை ஓடியது.

குழாய் போனதும் ஆள் போய்விடுவார் என்று பயந்திருந்தார்கள். உக்கிரபாண்டி மூக்கைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, “காப்பி எங்க?” என்றார்.

கட்டிலோடு தூக்கி வேப்பமரத்தடிக்குக் கொண்டு போனார்கள். கருப்பட்டிக் காப்பியில் இரண்டு வாய் குடித்தார். பிறகு கையை நீட்டினார். “அந்தச் சரத்தை இங்கன கொண்டாங்கலே.”

கம்பெனி ஆட்களுக்கு முகம் செத்துவிட்டது. அவர் சரத்தை மடியில் வைத்துத் திரியை இரண்டு விரலால் உருட்டினார், மோந்து பார்த்தார். “ஈரம். எவன்லே கட்டினது? மழைக்காலத்துல காய வைக்காம என் சாவுக்குக் கொண்டாந்திருக்கீக! பாதி வெடிக்கும், பாதி புஸ்ஸுங்கும். தெருவுல எல்லாரும் சிரிக்கவா? ஆர்டருக்குப் போற சரக்குன்னா இப்படிக் கட்டுவீகளாலே? வேற கட்டுங்க. நான் பார்த்துத்தான் ஓகே பண்ணுவேன்.”

தன் சாவுச் சரத்துக்குத் தானே ஓகே பண்ண ஆனைக்குட்டத்துக்குப் போனார் உக்கிரபாண்டி. அதே லாரியில், அந்த மூங்கில்கள் பக்கத்திலேயே கிடக்க.

பதினொரு நாள் இருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் ஜெபராணி பஸ் ஏறிப் போய் ஊசி போட்டாள். உதடு காய்ந்தால் நனைத்த துணியால் ஒற்றி எடுக்கவும், மூச்சு இழுத்தால் தலையணையைச் சாய்த்து விசிறவும் மருமகளுக்குக் காட்டிக் கொடுத்தாள். ராத்திரி வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய நோட்டில் அந்த ஆறு பக்கத்துக்கு முன்னால் ஒரு தாளை ஒட்டி, இதையெல்லாம் எழுதி வைத்தாள். இடையிடையே டாக்டரும் போய் வந்தார். ஊசி போடும் நாளாக இல்லாவிட்டாலும் போனார். வாசலில் கட்டில் போட்டிருக்கும். கட்டில் ஓரத்தில் முறத்தில் வெடிகள் காய்ந்துகொண்டிருக்கும். மேகம் போட்டால் கிழவர் எல்லாரையும் ஏசி அவற்றை உள்ளே எடுக்க வைப்பார். சேவு கடிக்க முடியவில்லை. வாயில் வைத்து ஊறவிட்டுக்கொண்டிருப்பார். சரத்தைப் பத்தாம் நாள்தான் ஓகே பண்ணினார்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் போய்விட்டார். மகன் மடியில் தலை இருந்தது, மருமகள் விசிறிக்கொண்டிருந்தாள்.

சேதி கிடைத்ததும் ஜெபராணியும் டாக்டரும் கருப்பம்மாளும் கிளம்பினார்கள். பஸ்ஸில் டாக்டர் சன்னலோரம் உட்கார்ந்தார். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கிறார் என்பது ஜெபராணிக்குத் தெரியும். குழாயை எடுத்த கையை மடியில் மூடி வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நுழைந்ததும் ஒப்பாரிக்காரிகள் கருப்பம்மாளுக்கு இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்தாள், வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. “அன்னைக்கே எல்லாத்தையும் பாடிட்டேனே சிஸ்டரு” என்று ஜெபராணியின் தோளில் சாய்ந்து, பாட்டில்லாமல் சும்மா அழுதாள்.

பாடை கிளம்பும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்ணுச்சாமி டாக்டரை நோக்கி வந்தான். டாக்டர் ஒரு எட்டு பின்வாங்கினார். கண்ணுச்சாமியின் கையில் புகைந்துகொண்டு ஒரு ஊதுபத்தி இருந்தது.

“அய்யா சொல்லிட்டுப் போனாக. சரத்தை டாக்டரய்யாதான் பத்த வைக்கணுமாம். அவுக கைதான் வேணுமாம்.”

டாக்டர் ஜெபராணியைப் பார்த்தார். ஜெபராணி தலையை ஆட்டினாள். அவர் ஊதுபத்தியை வாங்கிக்கொண்டு, தெருவின் நீளத்துக்குக் கிடந்த சரத்துக்கு முன்னால் குனிந்தார். முந்தின நாளே எல்லா வெடியும் தீர்ந்துபோய்ச் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஓய்ந்திருந்த காலை அது. அந்த அமைதியில் ஒற்றைச் சரம் முதல் வெடியிலிருந்து கடைசி வெடி வரை இடைவெளியே விடாமல் வெடித்துத் தீர்ந்தது. டாக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொள்ளவில்லை, கண்ணையும் துடைக்கவில்லை.

புகை அடங்கியதும் கண்ணுச்சாமி சிவப்புக் காகிதக் குவியலைக் காலால் விலக்கிக்கொண்டே தெருக்கோடி வரைக்கும் போனான். ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பார்த்தான். திரும்பி வந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஒண்ணுகூட மிச்சமில்ல, டாக்டரய்யா” என்றான்.